அரிசியைக் கருக்கிக் குடித்த வருடம்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாகக் காப்பித்தூள் வாங்கும் கடையில் விலைப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுகிற பையனுக்கு அலுத்துப்போன வேலையாக இருந்திருக்க வேண்டும். ‘பீபரி’ என்பதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததன் பலன் கும்பகோணத்துப் பலகைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த மாதம் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. 1977-இல் ஏற்பட்ட பழைய உச்சம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே உடைந்துவிட்டிருந்தது. கடைக்காரர் இதையெல்லாம் எங்களைவிடத் துல்லியமாகச் சொன்னார். அவர் குரலில் ஒரு மன்னிப்புக் கோரலும் இருந்தது.

எங்களில் ஒருவர், “இனிமே அரிசியத்தான் வறுத்துப் பொடி பண்ணணும்” என்றார். பையன் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருட காலம் அப்படியே செய்து குடித்தவர்கள் நாங்கள்.

‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் வரும் ஞாபகங்களில் எது யாருடையது என்று இருபது வருடங்களுக்குப் பிறகு பிரித்தெடுக்க இயலவில்லை. கணவன், மனைவி என்ற இருவரில் ஒருவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார், மற்றவர் வீட்டில் இருந்தார். சட்டியைக் கிளறியது பெரும்பாலும் யார் என்பதில் இன்றளவும் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அப்பா என்று இங்கே குறிப்பிடப்படுபவரும் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமனார்.

2003-இன் கடைசியில் பிலிப்பைன்ஸ் தேசத்தின் லோஸ் பான்யோஸ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். மணிலாவுக்குத் தெற்கே, மக்கிலிங் மலையின் அடிவாரத்தில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர். ஊரின் பெயருக்கே குளியல்கள் என்றுதான் பொருள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-இல் அங்கேதான் நிறுவப்பட்டது. தஞ்சை மாவட்டத்துக்காரர்களின் வீட்டுப் பேச்சில் ஐ.ஆர். எட்டு என்று புழங்கிய நெல் ரகம் 1966-இல் அங்கிருந்து வெளிவந்ததுதான். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். ஆகவே தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. சாம்பார்ப் பொடி இரவல் வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

எங்களோடு வந்தவை இரண்டு கிலோ காப்பித்தூளும் ஒரு எவர்சில்வர் ஃபில்டரும். 2004 மாசியில் திருச்சியில் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. காப்பீடு என்ற ஒன்று அப்பாவின் தலைமுறைக்குப் பழக்கமில்லாதது. கடன் வாங்கிக் கட்டினோம், கடனை அடைக்க உதவித்தொகையில் பெரும்பகுதியை மாதாமாதம் ஊருக்கு அனுப்பினோம். மீதமிருந்ததில் வாடகை போக அரிசி, பருப்பு, முட்டை. அந்த மாதக் கணக்கில் முதலில் அடிபட்டது காப்பி. அடிபட்டது என்றால், தூள் தீர்ந்தபோது புதிதாக வாங்கவில்லை என்று அர்த்தம். ஒரு மாதம் சரி-சரி கடைகளில் (நம் ஊர்ப் பெட்டிக்கடையின் தம்பி) தொங்கும் மூன்றும் கலந்த பொட்டலங்களில் ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்து குடித்தோம். அந்த நாட்டில் எதையும் ஒற்றையாக வாங்கலாம்: ஒரு சிகரெட், ஒரு பல் பூண்டு, ஒரு கோப்பைக்கான காப்பி. ஒற்றையாக வாங்குகிறவன் ஒரு வருடத்தில் மொத்தமாக வாங்குகிறவனைவிட அதிகம் செலவழிக்கிறான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதையும் நிறுத்தினோம்.

நிறுத்திய இரண்டாம் நாள் இருவருக்கும் தலைவலி. கண்களுக்குப் பின்னாலிருந்து கிளம்பி உச்சந்தலையில் உட்கார்ந்துகொள்ளும் வலி. காஃபீனுக்குப் பழகிய உடம்பு அதைத் திடீரென்று இழந்தால் இப்படித்தான் கேட்கும் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஒருவருக்கொருவர் சிடுசிடுத்துக்கொண்டதுதான் மிச்சம். சுவர் மெல்லிய வீடு. சண்டையின் மொழி புரியாவிட்டாலும் காரணம் புரிந்துவிட்டது பக்கத்துப் பகுதியிலிருந்த வீட்டுக்காரரின் தாயாருக்கு. எல்லோரும் அவரை லோலா என்பார்கள், பாட்டி என்று பொருள். நாங்களும் அப்படியே அழைத்தோம். மூன்றாம் நாள் காலை ஒரு கெட்டில் நிறையக் கறுப்பாக எதையோ கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். காப்பி என்று சொல்லிவிட்டு, உடனே திருத்திக்கொண்டு, காப்பெங் பிகாஸ் என்றார். அரிசிக் காப்பி.

தகாலோக் மொழியில் வயலில் விளைவது பாலாய், உமி நீங்கியது பிகாஸ், வெந்தது கானின். நெல், அரிசி, சோறு என்று மூன்றையும் மூன்று பெயரால் பிரித்தறியும் ஜனங்களிடம் ஆங்கிலேயரிடம் பேசுவதைப்போல ஒற்றைச் சொல்லில் பேசி மாளவேண்டியதில்லை என்ற நிம்மதி எங்களுக்கு அங்கே எப்போதும் இருந்தது. சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலுக்கும் துதோங் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் மிடறு ஏமாற்றம். காப்பி என்ற சொல்லைக் கேட்டு நாக்கு காப்பிக்குத் தயாராகிவிட்டது. வந்ததோ கருகிய ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்ததுபோன்ற ஒன்று. இரண்டாவது மிடறில் கொஞ்சம் கசப்பு, பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. கோப்பையின் அடிக்கு வந்தபோது ஊதிப் பெருத்த கறுப்புப் பருக்கைகள். லோலா கரண்டியை நீட்டினார். அதைச் சர்க்கரை தூவித் தின்ன வேண்டுமாம். தின்றோம். காலை ஆகாரமும் அதிலேயே முடிந்தது. தலைவலி அன்று மாலை விட்டது. அதற்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை, மூன்று நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் நாங்கள் லோலாவுக்கு நன்றி சொன்னோம், அவரும் ஏற்றுக்கொண்டார்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். எண்ணெய் படாத கனத்த இரும்புச் சட்டி. ஒரு ஆழாக்கு அரிசி, களைந்து நன்றாகக் காயவைத்தது. சிறுதீ. கை ஓயக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடவாது. பிறகு அரிசி சுண்ணாம்பு வெள்ளையாகும். அடுத்துப் பொரியரிசி மணம் வரும். இந்த இடத்தில் நம் ஊர்க் கை தானாக அடுப்பை அணைத்துவிடும், ஏனெனில் நமக்கு வறுத்த அரிசி என்றால் வயிற்றுப்போக்குக்கான கஞ்சி, அல்லது பொரிமா. லோலா எங்கள் கையைப் பிடித்துத் தடுத்தார். பொன்னிறம் தாண்டி, தேங்காய் ஓட்டின் நிறம் தாண்டி, புகை மெல்ல எழும்பி, அரிசி ஏறக்குறைய மயிலிறகுக் கறுப்பாகும்வரை போகவேண்டும். முழுக் கரியாவதற்கும் அதற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இராது. அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் வீடு இரண்டு முறை புகைமண்டலமாகி, எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாளியோடு ஓடிவந்தார்கள். கருகியதும் உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் தானே கரியாகிவிடும். ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி வறுத்த அரிசி, கூடக் கால் பங்கு தண்ணீர், பத்து நிமிடக் கொதி. பச்சரிசி சீராக நிறம் மாறும். புழுங்கலரிசி சட்டியிலேயே கொஞ்சம் பொரிந்து எழும்பும், கிளற வேடிக்கையாக இருக்கும், ருசி ஒரு மாற்றுக் குறைவு.

இதைப் பொடித்து எங்கள் ஃபில்டரில் போட்டால் நிஜக் காப்பியின் கௌரவம் வந்துவிடும் என்று ஒரு நாள் தோன்றியது. இரவே பொடித்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடி வைத்தோம். விடியற்காலை கீழ்ப்பாத்திரத்தில் நான்கு சொட்டு. மேலே மாவுக் கூழ் துளைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்கக் குண்டூசி தேவைப்பட்டது. காப்பிக் கொட்டையில் 10 முதல் 15 சதவீதம் எண்ணெய்ச் சத்து உண்டு, தீட்டிய அரிசியில் அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது, மிச்சமெல்லாம் பெரும்பாலும் மாவு. மணத்தைப் பிடித்து வைப்பது எண்ணெய். ஆகவேதான் அரிசிப் பானத்தின் வாசனை சட்டியில் ஊரைக் கூட்டுகிறது, கோப்பையில் ஒளிந்துகொள்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்தவர் இதை விளக்கினார். குண்டூசியோடு உட்கார்ந்திருந்தவருக்கு அந்த விளக்கம் அப்போது உவப்பாக இல்லை.

லோலாவிடம் ஒரு விசித்திரம் கவனித்தோம். எங்களுக்குக் கெட்டில் நிறையக் கொடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தால் கெட்டிலை அடுப்படியில் மறைத்துவிட்டுப் பேத்தியைக் கடைக்கு அனுப்பிப் பொட்டலக் காப்பி வாங்கிவரச் சொல்வார். எங்களிடம் எதற்குக் கூச்சமில்லை என்று கேட்டபோது, நீங்களும் பணம் இல்லாதவர்கள்தானே என்றார். கேலியாகச் சொல்லவில்லை, குசலம் விசாரிக்கும் தொனியில்தான் சொன்னார். எங்களுக்குத்தான் ஒரு வாரம் அது உறுத்திக்கொண்டிருந்தது.

அவர் 1930-இல் பிறந்தவர். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் அரிசியை இப்படிக் கருக்கியிருந்தால் அம்மா கையை ஒடித்திருப்பாள் என்றார். நெல்லை ராணுவம் எடுத்துக்கொண்டு போய்விட்டது, அரிசி தங்கம், அப்போது கருக்கிக் குடித்தது மக்காச்சோளத்தை. அரிசியைக் கருக்கும் அளவுக்கு அரிசி கிடைத்தது போருக்குப் பிறகுதான். ஆகவே அவர் கணக்கில் காப்பெங் பிகாஸ் ஒரு முன்னேற்றம். காப்பிக்கு ஒரு படி கீழே, சோளத்துக்கு ஒரு படி மேலே. விருந்தாளிகளுக்கு அந்தப் படிக்கட்டு தெரியும். அதனால்தான் மறைத்தார்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் அதே தெருவில் இருந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த கொரிய ஆய்வாளர் ஒருவர் எங்களை விருந்துக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும், சோறு பிடித்த பானையில் தண்ணீர் ஊற்றிக் காந்தலைக் கொதிக்கவைத்து, அந்தப் பழுப்பு நீரைக் கிண்ணங்களில் கொடுத்தார். சுங்ன்யுங் என்று பெயராம். குடித்தால் லோலாவின் கெட்டிலுக்குத் தூரத்து உறவு என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் அதை இரு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். மின்சாரக் குக்கர் வந்தபின் கொரியாவில் காந்தல் பிடிப்பதே குறைந்துவிட்டது, தன் அம்மா வைப்பதுபோல் வராது என்று வருத்தப்பட்டார். ஜப்பானிலும் வறுத்த அரிசியைப் பச்சைத் தேயிலையோடு கலந்து கென்மைச்சா என்று குடிக்கிறார்கள். தேயிலையை நீட்டுவதற்காக ஏழைகள் கண்டுபிடித்த உபாயம் என்று சொல்வார்கள், இன்று அதை நல்ல கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். மூன்று தேசத்திலும் அடிப்படையில் வஸ்து ஒன்றுதான், கருகிய அரிசியின் சாறு. கொரியாவிலும் ஜப்பானிலும் அதற்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. லோலாவின் வீட்டில் மட்டும் அதற்குக் காப்பி என்று பெயர் வைத்து, காப்பி அல்லாததற்காக வெட்கப்பட்டார்கள். எங்களுக்கு முதல் மிடறில் நேர்ந்த ஏமாற்றத்துக்கும் அந்தப் பெயர்தான் காரணம் என்று அன்றிரவு திரும்பி வருகையில் பேசிக்கொண்டோம்.

நம் கதை இன்னும் வினோதமானது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ 2000-இல் வெளிவந்தது. இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத நூல். சோற்றில் நீரூற்றி வைத்த நீராகாரத்தைக் குடித்துக் காலையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களில் காப்பி நுழைந்தபோது எழுந்த பதைப்பையும் புலம்பலையும் அதில் பார்க்கலாம். அதாவது நம் வீடுகளில் அரிசித் தண்ணீர்தான் மூலம், காப்பிதான் அதற்கு மாற்றாக வந்தது. அந்த மாற்று மூன்று தலைமுறைக்குள் மூலமாகிவிட்டது. நாங்கள் அரிசித் தண்ணீரைக் காப்பிக்கு மாற்றாகக் குடிக்க நேர்ந்ததை நினைத்து எங்கள் கொள்ளுப்பாட்டிகள் சிரித்திருப்பார்கள்.

லோஸ் பான்யோஸிலிருந்து தெற்கே, பத்தாங்காஸ் மாகாணத்தில் லீப்பா என்ற ஊர் இருக்கிறது. ஒரு விடுமுறையில் போய்வந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பியால் கொழித்த ஊர். 1889-இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை அழித்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படரும் பூஞ்சை அது. அதே பூஞ்சை அதற்கு இருபது வருடம் முன்பு, 1869-இல், இலங்கையில் தலைகாட்டியது. அங்கே காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துபோன தமிழர்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. காப்பி அழிந்தபின் அந்த மலைகளில் தேயிலை வந்தது, மனிதர்களின் சந்ததி அங்கேயே தங்கியது. லீப்பாவின் சந்தைத் தெருவில் பராக்கோ காப்பியின் காட்டமான மணத்தை மூக்கால் மட்டும் அனுபவித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பூஞ்சை நம்மவர்களையும் இந்த ஊரையும் ஒரே கையால் தொட்டிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. கோப்பை ஒன்று வாங்கிக் குடித்திருக்கலாம். பேருந்துக்கு வைத்திருந்த சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

கலப்படம் என்று சொல்லி இந்தச் சங்கதியை ஒதுக்கிவிடவும் முடியாது. நம் நாட்டு விதிப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். 1977-இல், பிரேசிலின் உறைபனியால் விலை எகிறிய சமயம், கிழக்கு ஜெர்மனி தன் ஜனங்களுக்குக் கொடுத்த கலவைக் காப்பியிலும் இதே 51, 49 தான். மீதி 49-இல் ரை என்ற தானியம், சிக்கரி போன்றவை. அங்கே ஜனங்கள் கொதித்துப்போய்ப் புகார்க் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள், கடைசியில் அரசாங்கம் பணிந்தது. இங்கே நாம் சிக்கரி இல்லாவிட்டால் டிகாஷனில் திடம் போதவில்லை என்கிறோம். ருசி என்பது பெரும்பாலும் பழக்கத்தின் பெயர் என்று எங்கள் இருவரில் ஒருவர் வாதிப்பார். மற்றவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இந்தப் பானத்தைப் பற்றிப் பிற்காலத்தில் கிளம்பியிருக்கும் ஆரோக்கியப் புகழுரைகளை நாங்கள் ஆதரிக்கவில்லை. காஃபீன் கிடையாது, அது உண்மை. பிலிப்பைன்ஸில் இப்போது சிவப்பரிசி, கறுப்பரிசிக் காப்பி என்று பொட்டலமிட்டு விற்கிறார்கள், லோலா பார்த்தால் திகைத்துப்போவார். ஆனால் மாவுப்பொருளை அவ்வளவு சூட்டில் கருக்கினால் அக்ரிலமைட் என்ற வேண்டாத சேர்மம் உண்டாகும் என்று 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். வறுத்த காப்பிக் கொட்டையிலும் அது இருக்கிறது. இதை மருந்தாக நினைத்துக் குடிக்காதிருந்தால் சரி.

அந்த வருடம் முழுவதும் ஞாயிறுதோறும் அழைப்பு அட்டை ஒன்றில் அப்பாவோடு பேசுவோம். மார்பெலும்பில் தையல் ஆறிக்கொண்டிருந்தவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: “காப்பி கிடைக்குதா அங்க?” கிடைக்கிறது என்போம். “நல்லாருக்கா?” நன்றாக இருக்கிறது என்போம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கெழுதிய மனிதர். பணம் எங்கிருந்து வருகிறது, எதிலிருந்து குறைகிறது என்று அவர் மனசுக்குள் வரவு செலவு போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அட்டையில் நிமிடங்கள் தீர்ந்துவிடும்.

2005 தொடக்கத்தில் கடன் அடைந்தது. முதல் வேலையாகக் காப்பித்தூள் வாங்கினோம். அன்று ஃபில்டரில் டிகாஷன் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டு இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். லோலாவுக்கு ஒரு கோப்பை கொடுத்தோம். பால் அதிகம் என்றார்.

2006-இல் ஊர் திரும்பினோம். 2008 ஏப்ரலில் உலகச் சந்தையில் அரிசி விலை தாறுமாறாக ஏறி டன் ஒன்றுக்கு ஆயிரம் டாலரை நெருங்கியபோது, அரிசி இறக்குமதியில் முதலிடத்தில் இருந்த பிலிப்பைன்ஸில் அரசு அரிசிக்கு நீண்ட வரிசைகள் நின்றன, காவலுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். உலகுக்கு நெல் ரகம் கொடுத்த ஊரும் அந்த தேசத்தில்தான் இருக்கிறது. லோலாவின் பேத்தி மின்னஞ்சலில் எழுதியிருந்தாள்: பாட்டி இப்போது அரிசியைக் கருக்கவிடுவதில்லை, மறுபடி சோளம் வறுக்கிறாள். அவர் மறைந்த செய்தி அடுத்த வருடம் வந்தது.

2019-இல் அப்பாவுக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கு தவற ஆரம்பித்தது. மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டுக் காப்பியை விட்டுவிடச் சொன்னார். அப்பாவுக்கு வயது எண்பத்தொன்று. அறுபது வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு டபரா செட்டோடு திண்ணையில் உட்காருகிறவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? நாங்கள் சொல்லவில்லை. பரணிலிருந்து இரும்புச் சட்டியை இறக்கினோம். அரிசியைக் கருக்கி, நிறத்துக்கும் திடத்துக்கும் ஒரு சிட்டிகை சிக்கரி சேர்த்து, பால் சர்க்கரை கலந்து, நுரை வர ஆற்றி டபராவில் வைத்தோம். முதல் நாள் பேசாமல் குடித்தார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“என்னம்மா இது, சத்துமாவுக் கஞ்சியில சாயம் போட்ட மாதிரி?”

மழுப்பினோம்.

“டாக்டர் காப்பி வேண்டாம்னு சொன்னாரா?”

சொன்னார் என்று ஒப்புக்கொண்டோம்.

“காப்பி வேண்டாம்னா சொல்லிட்டுப் போங்களேன். பொய்யக் குடிக்கணும்னு அவரு எழுதிக் குடுக்கலியே.”

தலைகுனிந்து நிற்பதைத் தவிர வழியில்லை. அப்போது எங்களில் ஒருவர், சமாதானமாக இருக்கட்டும் என்றோ என்னவோ, இது அப்படி மோசமான வஸ்து இல்லை அப்பா, நாங்களே பிலிப்பைன்ஸில் ஒரு வருஷம் குடித்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார். சொன்ன கணமே மற்றவருக்குத் தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று.

“எந்த வருஷம்?”

2004.

“எந்த மாசத்திலேருந்து?”

சித்திரை என்றோம்.

அப்பா விரல்களை மடக்கவில்லை. அவர் மனக்கணக்கில் தேர்ந்தவர். “ஆபரேஷன் மாசியில” என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று பகல் முழுவதும் பேச்சில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து, விளக்கு வைத்ததும் படுத்துவிட்டார். நாங்கள் இருவரும் அடுப்படியில் யார் வாயைத் திறந்தது என்று குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சுவர் இங்கே கனமானது, ஆனால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மறுநாள் ஐந்து மணிக்குத் திண்ணையில் இருந்தார். டபராவை எடுத்துப் போனபோது கையை அசைத்தார்.

“இது வேண்டாம். நீங்க அங்க எப்படிக் குடிச்சீங்களோ அப்படிக் குடுங்க.”

பால் இல்லாமல் நன்றாக இருக்காது என்றோம்.

“நல்லாருந்துச்சுன்னு போன்ல சொன்னீங்கல்ல?”

கண்ணாடி டம்ளரில், பருக்கைகளோடு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொடுத்தோம். சூடு ஆறும்வரை காத்திருந்து, சிறு சிறு மிடறாக அடிவரை குடித்தார். அடியில் நின்ற பருக்கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தோம்.

அதற்குப் பிறகு 2022-இல் அவர் போகும்வரை காலையில் அதுதான். சிக்கரியும் வேண்டாம், பாலும் வேண்டாம். எவ்வளவு கருக்க வேண்டும் என்பதில் எங்களைவிட அவருக்குக் கண்டிப்பு அதிகமாகிவிட்டது. இன்றைக்கு ஒரு கிளறு முன்னாலேயே இறக்கிவிட்டீர்கள் என்று நிறத்தை வைத்தே சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “காப்பி குடிக்கிறீங்களா, வறுத்த அரிசித் தண்ணி குடிக்கிறீங்களா?” என்று இரண்டையும் ஒரே குரலில் கேட்பார். பெரும்பாலோர் காப்பி என்பார்கள். ஒரு சிலர், அவருடைய பழைய சங்கத்து நண்பர்கள் இரண்டு மூன்று பேர், அவர் குடிப்பதையே கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். 2004-ஐப் பற்றி அவர் மறுபடி எங்களிடம் பேசியதில்லை.

அன்று கடையில் கால் கிலோ மட்டும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து சட்டியை இறக்கியபோது அடியில் லேசாகத் துரு. தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்துக் காயவைத்தோம். ரேஷன் அரிசியா, கடை அரிசியா என்று கேள்வி வந்தது. ரேஷன் அரிசி விலையில்லாதது, ஆனால் கல் பொறுக்க வேண்டும் என்றார் ஒருவர். மற்றவர் ஏற்கெனவே முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.